ஐந்து சதத்தில் ஒரு பெருவிரல்

சலூன் போத்தலில் இருப்பது சரிவராது.
அதில் ரோசா மணமும் கிளிசரினும் கலந்திருக்கும்.
நகத்துக்குக் காட்டிய கருணை
செம்பில் படலமாய்ப் படியும்.
கலப்பில்லாத அசிட்டோன் தேடிப்
புறக்கோட்டையில் நான்கு கடை ஏறி இறங்கினேன்.
"எதுக்கு நங்கி?" என்றான் கடைசிக் கடைக்காரன்.
நகத்துக்கு என்றேன்.
பாதி உண்மை.

ஞாயிறு. வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
அடுப்பை அணைத்து
சிலிண்டரின் கழுத்தையும் திருகி மூடினேன்.
கடல்பக்க ஜன்னலைத் திறந்துவிட்டு உடனே சாத்தினேன்,
உப்புக் காற்றுக்கும் செம்புக்கும் ஆகாது.
காலி வீதிப் பக்கத்தைத் திறந்தேன்.
பஸ் ஹோர்ன் வந்தது. வரட்டும்.

பிளாஸ்டிக் கிண்ணம் இளகிப்போகும் என்று
ஜாம் போத்தல் மூன்று கழுவி வைத்திருந்தேன்.
ஒன்றின் மூடியில் இன்னும் அன்னாசி வாசம்.

நிஸ்தார் நானா சொல்லியிருந்தார்:
"தேய்க்க வாணாம், ஊற வைங்க.
எடுத்து அடுத்ததுல போடுங்க.
துடைக்கவும் வாணாம். காத்துல காயட்டும்.
புளி போட்டா மினுங்கும்.
மினுங்கினா மௌத்து.
அங்க அவங்க பூதக்கண்ணாடியில பார்த்து
'கழுவப்பட்டது'ன்னு எழுதிருவாங்க.
அதுக்குப் பொறகு அது அஞ்சு சதம்தான்."

விளிம்பில் பிடித்து இறக்கினேன்.
ஆயிரத்து எண்ணூற்று எழுபது.
கீழே பனைமரம்
மேலே ராணி
ராணியின் கன்னத்துக்கும் கழுத்துக்கும் நடுவே
ஒரு பெருவிரல்.

களவெடுத்தவன் விரல் இல்லை. என்னுடையது.
வாங்கி வந்த இரவு கரண்ட் போனது.
டோர்ச் தேடிய கையிலிருந்து காசு நழுவ,
சீமெந்துத் தரையில் விழட்டும் என்று
யார்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?
பிடித்தேன்.
பிடித்ததுதான் பிழை.
அப்போது ஒன்றும் தெரியவில்லை.
பதினொரு மாதம் கழித்துத்தான்
மெல்ல மெல்லப் பழுப்பாய் எழுந்து வந்தது.

முதல் போத்தலில் ஒரு மங்கல் கலைந்தது.
இரண்டாவதில் ராணியின் கூந்தல் இழை இழையாய்த் தெரிந்தது.
மூன்றாவதிலிருந்து எடுத்தபோது
ஈரம் பறந்துவிட்டது, விரல்நுனி மட்டும் குளிர்ந்தது.
விளக்கின் கீழே சரித்துப் பார்த்தேன்.

இருக்கிறது.

எண்ணெய் போய்விட்டது,
எண்ணெய் கிடந்த இடம் போகவில்லை.
சுழி, சுழிக்குள் சுழி,
இடதுபக்கம் குறுக்கே ஒரு வெட்டு:
ஏழாம் வகுப்பில் பிளேட்டால் பென்சில் சீவியது.

பங்குனியில் பத்தரமுல்லையில்
பாஸ்போர்ட்டுக்காகக் கண்ணாடித் தட்டில் இதே விரலை வைத்தேன்.
"ஆயெத்," என்றாள் அவள். வைத்தேன்.
உடுப்பில் துடைத்துவிட்டு வைத்தேன்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
பன்னிரண்டு வருடம்
ஊரார் நகங்களின் சிவப்பையும் ஊதாவையும்
துடைத்துத் துடைத்து
என் ரேகை என்னை விட்டுப் போயிருந்தது.
அந்தப் பெட்டிக்கு நான் ஆளே இல்லை.
ஒரு தாள் தந்தார்கள்.
ஏன் பதியவில்லை என்று நானே எழுதி
நானே கையெழுத்து வைத்தேன்.

நானாவுக்கு போன் எடுத்தேன்.
"செம்புக்குள்ள எறங்கிட்டுது.
ரெண்டு புள்ளி குறையும், சிலநேரம் கூடவும்.
திராவகம் ஒண்டு இருக்குது, நான் கேட்டுப்பார்க்கவா?"
வேண்டாம் என்றேன்.
"காசு போகுமே."
போகட்டும் என்று நான் சொல்லவில்லை.
இரண்டு மாத வாடகை அது.
வேண்டாம் என்று மட்டும் திரும்பச் சொன்னேன்.
அவர் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விட்டார்.

உறைக்குள் இட்டுப் படிவத்தை நிரப்பினேன்.
உரிமையாளர்: செ. யோகநந்தினி.
குறைபாடு ஏதும் தெரிந்தால் குறிப்பிடவும்:
அந்தக் கட்டத்தில் பேனையை வைத்தபடி
ஒரு ரயில் போகும்வரை இருந்தேன்.
பிறகு ஒரு கோடு கிழித்தேன்.
அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

நாளை பத்து மணிக்குக் கல்யாணப் பெண் ஒருத்தி,
பத்து விரலிலும் பழைய ஜெல் கழற்ற வேண்டும்.
கையுறை வாங்க வேண்டும் என்று
காலண்டரில் குறித்து வைத்தேன்.
போன மாதத் தாளிலும் அது இருந்தது.