இருநூற்று அறுபத்து மூன்று

பெயரைப் பிறகு கேட்கிறேன்.
முதலில் பெட்டி எண்.

என் சட்டையில் ரொஸ்விதா என்று இருக்கிறது,
அதை வாசித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.
கதவோரம் எழுதியிருப்பதை வாசியுங்கள்:
இருநூற்று அறுபத்து மூன்று, வெனிஸ்.

வியன்னாவில் இந்த ரயிலுக்கு ஒரே உடம்பு.
நடுச்சாமம் தாண்டி, ஃபில்லாக்கில்
கொக்கி கழலும் சத்தம் கேட்கும்
(உங்களுக்குக் கேட்காது, தூங்கிக்கொண்டிருப்பீர்கள்).
முன்பாதி இத்தாலிக்கு,
பின்பாதி ஸாக்ரெபுக்கு.
அந்த நேரத்தில்
எதற்காகவும் பின்பக்கம் போகாதீர்கள்.

மற்றதெல்லாம் சில்லறை.
ஏறும்போதே தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள்.
சூட்கேஸை வீட்டிலேயே
தலைக்கு மேல் மூன்று முறை தூக்கிப் பாருங்கள்,
மூன்றாவது முறை கோபத்தோடு.
எட்டு நிமிடத்தில் அடுத்த ரயில் என்று அட்டவணை சொல்லும்;
அட்டவணைக்கு முழங்கால் கிடையாது.
இத்தாலியில் சின்ன ரயில் ஏறுமுன்
காகித டிக்கெட்டை அந்த இயந்திரத்தின் வாயில் கொடுங்கள்,
கடித்து முத்திரை வைக்கும்.
கடிபடாத டிக்கெட்டோடு பிடிபட்டால்
முகத்தைப் பாவமாக வைத்துப் பயனில்லை.
பரிசோதகரிடம் அதைவிடப் பாவமான முகம் இருக்கிறது.

போன அக்டோபரில்
ஜ்யோர் ஊர்க்காரர்கள் இருவர்.
பெர்தலான், எமெஷெ.
வெனிஸின் நான்கு நாளையும்
மணிக்கணக்காகப் பிரித்து அச்சடித்து
பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார் அவர்.
பின்பெட்டியில் ஒருத்தர் செஸ் பலகை வைத்திருக்கிறார்,
ஒரே ஒரு ஆட்டம், வந்துவிடுகிறேன்
என்று துணிச்செருப்போடு போனார்.

காலையில் காபித் தட்டோடு கதவைத் தட்டினேன்.
எமெஷெ கேட்டாள்:
"ரயிலின் மீதிப் பாதி எங்கே?"

இருபத்தோரு வருடத்தில்
இவ்வளவு சரியான கேள்வியை
என்னிடம் யாரும் கேட்டதில்லை.

ஸாக்ரெப் பெட்டியில் த்ராகுடின் இருந்தான். அழைத்தேன்.
இருக்கிறார் என்றான்.
இரண்டு ஆட்டம் தோற்றுவிட்டார்,
மூன்றாவது நடக்கிறது.
போனை அவளிடம் நீட்டினேன்.

கொஞ்சம் பொறுங்கள், இந்தக் கடல் பாலம் முடியட்டும் என்றாள்.

இருபக்கமும் தண்ணீர்.
கட்டைகளின் மேல் நாரைகளோ கடற்பறவைகளோ,
எனக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது.
அவள் தன் காபியைக் குடித்தாள்,
பிறகு அவருடையதையும்.
அவர் ரொட்டிக்கு ஜாம் தடவி
ஓரம் விடாமல் தின்றாள்.
அதன்பின் போனில் சுருக்கமாக ஏதோ சொன்னாள்.
அந்த உறை போட்ட தாளை
தட்டுக்கு அடியிலேயே விட்டுவிட்டாள்.

இறங்கும்போது
கட்டிலடியிலிருந்து அவர் ஷூக்களை எடுத்துத் தந்தாள்.
பழுப்புத் தோல், நாற்பத்து நான்காம் அளவு,
நாடா அவிழ்க்காமலே கழற்றியவை.
"இவற்றை மட்டும் ஸாக்ரெபுக்கு அனுப்ப முடியுமா?"

அன்றிரவு திரும்பும் வழியில்
ஃபில்லாக் நடைமேடையில் வைத்து
எதிர்ரயில்காரனிடம் கைமாற்றினேன்.
கீழ்ப்படுக்கை ஒன்று காலியாம்,
விரிப்பு போட்டு அதில் வைத்தானாம்.
டிக்கெட் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு சேர்ந்தார்களா என்கிறீர்கள்.
தெரியாது. எனக்கு என் பெட்டியோடு சரி.

உங்கள் எண் என்ன?
கதவைப் பார்க்காமல் சொல்லுங்கள்.