இருநூற்றுப் பதினான்கு பேர்

பல் டாக்டர் பெள்ளிராஜ் வாயைத் திறக்கச் சொல்லி
கண்ணாடியை உள்ளே நுழைத்த பிறகுதான் கேட்டார்:
"படம் எந்த அளவுல இருக்கு?"
ஆ, என்றேன்.
வேறென்ன சொல்ல முடியும்.
அவர் ஐயாயிரம் கொடுத்தவர்.
என் கடைவாய்ப் பல்லை அன்று
கொஞ்சம் கூடுதலாகவே தட்டிப் பார்த்ததாக
எனக்கொரு எண்ணம்.

கோத்தகிரியில் ஒளிய இடமில்லை.
மார்க்கெட்டில் கேரட் நிறுக்கிறவர் முந்நூறு.
வர்க்கி வாங்கப் போனால் கல்லாவில் இருப்பவர் ஆயிரம்.
மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால்
பக்கத்தில் வந்து உட்காருபவர் நூற்றொன்று.
மொய் என்றால் திருப்பி வைத்துவிடலாம்.
அவர் வீட்டிலும் ஒரு காதுகுத்து வராமலா போகும்.

பனியன்கள் மட்டும் சொன்ன தேதியில் வந்தன.
திருப்பூர்க்காரர்கள் நாணயமானவர்கள்.
படத்தின் பெயரை மார்பில் மாட்டிக்கொண்டு
ஜீப் கழுவுகிறார் ஹாலன்.
சலவையில் முதலில் அழிந்தது
பெயருக்குக் கீழே இருந்த "விரைவில்".

புளூகம் இன்னிசைக் குழு.
எழுபத்தெட்டில் கப்பலிறங்கி
மண்டபம் முகாம் வழியாக மலையேறிய
தேயிலை லயத்துப் பிள்ளைகள் ஐந்து பேர்.
சொந்தமாக ஒரு பேஸ் கிதார், இரவல் டிரம்ஸ்,
பாடுவதற்கு சிவபாக்கியம்.
இடப்பக்கம் திரும்பினால் ஆண் குரல்,
வலப்பக்கம் திரும்பினால் பெண் குரல்.
டூயட் முடிவதற்குள் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் என்றாள்.

கிடைத்த கல்யாணக் கேசட்டுகள் ஒன்பது.
ஆறில் பூஞ்சை.
மிச்ச மூன்றிலும் அவர்கள் வாசித்தது
நாடே முணுமுணுத்த சினிமாப் பாட்டுகள்.
நாற்பது விநாடிக்கு என்ன விலை என்று
கம்பெனிக்கு எழுதிக் கேட்டோம்.
வந்த பதிலில் பூஜ்யங்களை
ஒளிப்பதிவாளன் விரல் வைத்து இரண்டு முறை எண்ணினான்.
ஊர் கூடிப் போட்ட பணம் மொத்தமும்
ஒரு பல்லவிக்குச் சரியாக இருக்கும்.
சரணத்துக்கு இன்னொரு மலை வேண்டும்.

ஒலியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன்.
ஐந்து பேர் மும்முரமாகக் காற்றை அடிக்கிறார்கள்.
முன்வரிசையில் பாவாடை கட்டிய குழந்தை ஒன்று
எதற்கென்றே தெரியாமல் ஆடுகிறது.

சிவபாக்கியத்திடம் சொல்லப் போனேன்.
கொழுந்து நிறுவைக்கு வரிசையில் நின்றிருந்தாள்.
"பாட்டு நம்மளது இல்லன்னு தெரிஞ்சுதானே பாடினோம்"
என்றாள். கூடையை இறக்கவில்லை.
பிறகு,
"எங்க அஞ்சு பேருக்கும் விலை கேட்டிருந்தா
எத்தனை பூஜ்யம் போட்டிருப்பாங்க?"
நாளைக்கு ஐந்நூறும் மதியத்துக்குப் பிரியாணியும்
போட்டவள் நான்.
வரிசை நகர்ந்தது.

மூன்றாவது கேசட்டின் தொடக்கத்தில்
திரை விலகுவதற்கு முன்னால் நாலு நிமிஷம் இருக்கிறது.
ஹலோ. செக். செக்.
கிதார் சுருதியைத் தேடுகிறது, தாண்டிப் போகிறது, திரும்புகிறது.
வெளியே ஜெனரேட்டர் இரைய,
அந்த இரைச்சலின் சுருதியைப் பிடித்துக்கொண்டு
அவள் என்னவோ இழுக்கிறாள்.
வார்த்தை இல்லை.
இடமும் இல்லை வலமும் இல்லை,
நேராக நின்றுகொண்டு.
"ஆரம்பிங்கப்பா, தாலி கட்டியாச்சு"
என்று ஒரு குரல் வந்து வெட்டுகிறது.

இதற்கு யாரிடமும் விலை கேட்க வேண்டியதில்லை.
கேட்டால் அவளிடம்தான் கேட்க வேண்டும்.
இன்னும் கேட்கவில்லை.

படத்தில் முழுதாக முடிந்திருப்பது
நன்றி சொல்லும் இடம் மட்டும்.
இருநூற்றுப் பதினான்கு பெயர்கள், அகர வரிசையில்.
அதன் அடியில் அந்த நாலு நிமிஷத்தை வைத்துப் பார்த்தேன்.
பெயர்கள் முன்பே தீர்ந்துவிடுகின்றன.
வெறும் கறுப்பில் அவள் இழுத்துக்கொண்டிருக்கிறாள்.
இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கோப்பைத் திறக்கிறேன்,
ஏதாவது ஒரு பெயருக்கு முன்னால்
அமரர் என்று சேர்க்க.

போன வாரம் மறுபடி பல்வலி.
குன்னூருக்குப் பஸ் ஏறிப் போய்ப்
பிடுங்கிக்கொண்டு வந்தேன்.