புள்ளி வைத்த தாள்

நெஞ்சில் ஐந்து வில்லைகள் ஒட்டி,
இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி தொங்கவிட்டு
ஒரு நாள் முழுக்கச் சுமக்கச் சொன்னார்கள்.
கூடவே ஒரு தாள்.
நேரம். செய்த வேலை. உணர்ந்தது.

மூன்றாவது கட்டத்துக்கு என்னிடம் ஜெர்மன் இல்லை.
நெஞ்சு திக்கென்றதை எந்தச் சொல்லில் போடுவது?
ஒரு புள்ளி வைத்தேன்.

ஓல்டன் பணிமனையில் இரவு வேலை எனக்கு.
ஏழாம் தண்டவாளத்தில் கடைசியாய் வந்து நிற்கும் வண்டி,
பதினான்கு கழிப்பறை.
கதவைச் சாத்தினால்தான்
கதவின் உட்பக்கம் துடைக்கலாம்.
நீலப் போத்தலின் முதல் விசிறலிலேயே
தொண்டையை ஒரு நகம் கீறும்.
அடுத்து, இருட்டில்
இல்லாத கடைசிப் படியில் கால் வைத்ததுபோல்
ஒரு துடிப்பு தவறும்.
03:41. புள்ளி.
03:58. புள்ளி.

வைத்தியர் எக்லி முதல்முறை கேட்டது
போரைப் பற்றி.
கனவு வருமா, சத்தத்துக்குத் திடுக்கிடுவீர்களா.
கனவு வரும்தான்.
ஆனால் கனவில் என் நெஞ்சு
ஓடுகிறவனுக்கு அடிக்கவேண்டியபடி
ஒழுங்காய்த்தான் அடிக்கிறது.
மொழிபெயர்ப்பாளர் அதில் பாதியைச் சொன்னார்.
நித்திரைக் குளிசை கிடைத்தது.

இந்தமுறை அவர் போரைக் கேட்கவில்லை.
நீளக் காகிதத்தை மேசையில் விரித்து
என் புள்ளிகளின் நேரத்தை விரலால் தேடினார்.
ஒழுங்காய் நடந்துவந்த வரி,
திடீரென்று அகன்ற முரட்டு அலை ஒன்று,
பிறகு வெறும் கோடு,
கொஞ்சம் கூடுதலாய் நீண்ட கோடு.

பேனா முனையைத் தன் தொண்டையில் வைத்து
மெதுவான ஜெர்மனில் சொன்னார்:
மூச்சுக்குழாயின் உள்தோலில் நரம்பு நுனிகள்.
மணம் என்று நீங்கள் நினைக்குமுன்
எரிவு என்று அவை பிடரிக்கு அறிவித்துவிடும்.
உங்களைக் கேளாமலே
பதில் இதயத்துக்கு இறங்கும்.
அந்த நரம்புக்கு லத்தீனில் பெயர்
அலைகிறவன்.

அவனுக்கு என்ன வதிவிட அட்டை,
பி-யா, சி-யா
என்று கேட்க வாய்வரை வந்தது.

மேற்பார்வையாளர் போத்தலைத் திருப்பி வாசித்தார்:
காற்றோட்டமான இடத்தில் மட்டும்.
அந்த வண்டியில் ஒரு ஜன்னலும் திறக்காது.
முகமூடி வரும் என்றார், வெள்ளிக்கிழமை.
எந்த வெள்ளி என்று சொல்லவில்லை.

ஞாயிறு மதியம் சுகிர்தா செத்தல் மிளகாய் வறுத்தாள்.
வீடே இருமியது.
மேல்மாடியில் யாரோ
ஜன்னலை அறைந்து சாத்தினார்கள்.
படிக்கட்டுக்கு வந்து
மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று,

நாலு.

தாளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.
கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்
12:20 என்று எழுதி ஒரு புள்ளி வைத்தேன்.
செய்த வேலை:
பசியோடு வெளியே நின்றது.