பத்தாயிரம் தோள்கள்

கடன் கேட்டுப் போனபோது
வங்கியில் ஹேயின் கேட்டார்:
"க்ளாக்ஸ்விக்கில் இதற்குச் சந்தை இருக்கிறதா?"
ஐயாயிரம் பேர் உள்ள ஊர், ஆகவே
பத்தாயிரம் தோள்கள் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.
கேட்டதில் பாதிதான் கொடுத்தார்.
ஆளுக்கு ஒரு தோள் என்று கணக்குப் போட்டிருப்பார்.

துறைமுகத்தில், கயிற்றுக் கடை மாடியில் அறை.
படியேறினால் தார் வாசம், நைலான் வாசம்,
அதற்கும் மேலேதான் என் லாவெண்டர்.
டோர்ஸ்ஹாவ்னில் வாங்கிய பழைய மசாஜ் மேசையை
வேனில் ஏற்றி, கடலடிச் சுரங்கம் வழியே
நானே ஓட்டிக்கொண்டு வந்தேன்.
அருவியும் கூழாங்கல்லும் அச்சடித்த அட்டைகளை
பேக்கரியில், நீச்சல் குளத்தில்,
கால்நடை மருத்துவரிடம்கூட வைத்தேன்.

ஐந்து வாரம் யாரும் வரவில்லை.
துவைக்கத் தேவைப்படாத துண்டுகளை
மறுபடி மறுபடி மடித்தேன்.

வலி இல்லாத ஊர் இல்லை இது.
மீன் ஆலையில் கத்தி பிடித்துப் பிடித்து
தேநீர்க் கோப்பை தூக்க மறுக்கும் மணிக்கட்டுகளை
அங்காடி வரிசையில் நின்றே அடையாளம் சொல்வேன்.
ஆனால் எட்டாம் வகுப்பில்
பக்கத்து பெஞ்சில் இருந்தவள் முன்னால்
சட்டையைக் கழற்றுவது எப்படி?
படியேறுவதை யாராவது பார்த்துவிட்டால்?
இங்கே ஓர் ஆடு குட்டி போட்டாலே
அடுத்த தீவுக்குச் சேதி போய்விடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை. மழை படுக்கைவாட்டில் பெய்தது.
மீன் ஆலை மார்யுன் வந்தாள்,
கையில் நாலு மீட்டர் கயிறு.
"கயிறு வாங்கத்தான் வந்தேன்" என்றாள்,
நான் கேட்காமலே. பிறகு மேசையைப் பார்த்தாள்.
கட்டைவிரலின் அடியில் பட்டாணி அளவு முடிச்சு.
அழுத்திப் பிடித்தேன், விடவில்லை.
அவள் பேசவில்லை. நான் கேட்கவில்லை.
போகும்போது கையை விரித்து மூடி,
விரித்து மூடிப் பார்த்தாள்,
அப்போதுதான் விலைக்கு வாங்கியதுபோல.

அதன்பின் எல்லோரும் கயிற்றோடு வந்தார்கள்.
பள்ளி ஆசிரியை, தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர்,
ஆறு வாரம் கடலில் வலை இழுத்துவிட்டு
படியில் ஆடிக்கொண்டே ஏறிய இருவர்.
படகே இல்லாதவர்கள்,
மூன்று மீட்டர், ஐந்து மீட்டர்.
கீழே கடைக்கார சோமலுக்குக் கொண்டாட்டம்.
"ஏனோ தெரியலை ரன்வா, கயிறு நல்லாப் போகுது" என்றவர்
கையோடு என் வாடகையை உயர்த்தினார்.

கோடையில் துடுப்புப் போட்டி.
எங்கள் மன்றத்துக்குத் திங்கள்,
பக்கத்துத் தீவு மன்றத்துக்கு வியாழன்.
எந்தப் படகில் எந்தத் தோள்
கடைசி இருநூறு மீட்டரில் கைவிடும் என்று
எனக்கு மட்டும் தெரியும்.
இரு தரப்பும் மீன் கொண்டுவந்து விசாரித்தார்கள்.
மீனை வாங்கிக்கொண்டேன்.
காற்றைப் பற்றிச் சொன்னேன்.
தோற்றவர்கள் அடுத்த வாரமும் வந்தார்கள்;
தொழில் நின்றது அன்றைக்குத்தான்.
நவம்பர் வரை டைரி நிறைந்தது.
கை பாதி, மூடிய வாய் மீதி.
டிப்ளமோவில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

இப்போது நள்ளிரவில்
என் கட்டைவிரல் என்னை எழுப்புகிறது.
முழங்கையால் அழுத்தப் பழகுகிறேன்.
நாளைக்கு ஐந்து பேர்தான். ஆறாவது ஆளிடம்
"இடமில்லை" என்று சொல்லவேண்டும்,
ஐந்து முதுகையும்விட அது கனம்.
கட்டணத்தைக் கூட்டினேன்.
ஆர்கன்காரர் முணுமுணுத்தார், வந்தார்.

நேற்று கடைசியாக ஹேயின்.
இரண்டு மீட்டர் கயிறு, அளவு பிசகாமல்.
குப்புறப் படுத்தார். இடது தோள்பட்டைக்குக் கீழே
எத்தனை வருடக் கணக்கோ இறுகிக் கிடந்தது.
"மீதிக் கடனுக்கு இப்போ விண்ணப்பிக்கலாம்,"
மேசைத் துளை வழியே தரையிடம் சொன்னார்.
அசையாதீங்க என்றேன்.
அடுத்த தோளுக்குப் போனேன்.

கயிற்றை மறந்துவிட்டுப் போனார்.
எல்லோரும் மறக்கிறார்கள்.
மூலையில் கிடக்கிறது குவியல்,
ஒரு கப்பலையே கட்டிப்போடலாம்.