காத்து அடிச்சது, சேர்

ஐந்து நிமிடம்.
ஒரு வினாடி கூடினாலும் நிராகரிக்கப்படும்
என்று விண்ணப்பத்தில் தடித்த எழுத்தில் கிடந்தது.
எங்கட படம் ஐந்து நிமிடம் பதினொரு வினாடி.

கதை சின்னது.
பொம்பிளை பார்க்க வாறவைக்கு அடிக்க வைத்திருந்த சேவல்
கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது.
மாப்பிள்ளை துரத்துகிறான். பொம்பிளையும்தான்.
சேவல் விசுவமடுச் சந்தியில் பஸ் ஏறிவிடுகிறது.
அவ்வளவுதான். பகிடிப் படம்.

சேவல் ஞானமணி அக்காவினுடையது.
நாள் வாடகை முந்நூறு. செத்தால் மூவாயிரம் என்று
கொப்பியில் கையெழுத்து வாங்கினா.
மாப்பிள்ளை அற்புதராசா, மணல் ட்ரக்டர் ஓடுகிறவன்;
சப்பாத்து அவன்ர மச்சானின்ர, ஒரு அளவு சிறிது.
சுலக்சிக்கு ஆடைத் தொழிற்சாலையில்
லீவு கிடைத்தது ஒரேயொரு ஞாயிறு.
கமரா என் போன்.
லைற் இல்லை.
அதற்குத்தான் யதுகுலன் தன் கோழிக்கூட்டு மேலிருந்த
வெள்ளைத் தரப்பாளைக் கழற்றிக் கொண்டுவந்தான்.
வெயிலுக்கு எதிரே விரித்துப் பிடித்தால்
சுலக்சியின் முகத்தில் வெளிச்சம்
ஆடை படிந்த பால் மாதிரி விழுந்தது.

முதல் தரம் சேவல் ஓடவில்லை, படுத்துக்கொண்டது.
நாலாம் தரம் பாண்காரனின் ஓட்டோ பாட்டோடு வந்து
வசனத்தை விழுங்கிப் போனது.
(ஆளுக்கொரு பணிஸ் வாங்கினோம்.)
பத்தாம் தரம் சேவல் பறந்தது.
அற்புதராசாவின் தலையை மிதித்து, வேலிக்கு மேலால்,
எவரும் சொல்லிக்கொடுக்காத ஒரு பறப்பு.
அந்த நேரம் பார்த்துக் காற்று.
பெடியன் ஒருவனின் பிடி நழுவ
தரப்பாள் எழும்பி, படத்துக்குள் வந்து விரிந்தது,
பாதி அழிந்த நீல எழுத்துகளோடு,
நாலு வினாடி.

இரவு கொமினிகேசன் கடையில் வெட்டினோம்.
அற்புதராசா விழுவதில் இரண்டு. பஸ் திரும்புவதில் ஆறு.
சுலக்சி சிரிப்பதில் மூன்று, அவளுக்குச் சொல்லாமல்.
தரப்பாளை வெட்டினால் பறப்பும் போகும்.
"கிடக்கட்டும்," என்றான் யது. "ஆர் பாக்கப்போயினம்."

கிளிநொச்சியில் மண்டபம் நிறையச் சிரித்தார்கள்.
பிறகு நடுவர் எழும்பினார், கொழும்பிலிருந்து வந்தவர்.
"அந்தத் தரப்பாள்," என்றார். குரல் இறங்கியிருந்தது.
"ஒரு சொல் இல்லாமல், நாலு வினாடிக்குள்
முழு இடப்பெயர்வும்.
இங்கே சேவல் சேவல் அல்ல."
கைதட்டல்.
"அப்ப என்னவாம் அது?"
ஞானமணி அக்கா பக்கத்துக் கதிரையிடம் கேட்டா.

எப்படி உதித்தது இந்தப் படிமம் என்று
மைக்கை என்னிடம் நீட்டினார்கள்.
யதுவைப் பார்த்தேன். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அந்தத் தரப்பாளுக்குக் கீழேதான்
அவனும் தாயும் தங்கச்சியும்
முகாமில் ஒரு மாரி முழுக்கக் கிடந்தார்கள்.
எழுத்தொன்றின் வால் எரிந்திருப்பது
குப்பிவிளக்குச் சரிந்த இரவில்.
எனக்குத் தெரியும்.
அவன் அதை ஒருநாளும் கதையாகச் சொன்னதில்லை.
கூடு ஒழுகுது என்றுதான் எடுத்துப் போட்டவன்.
நடுவர் சொன்னது பொய்யில்லை.
ஆனால் நாங்கள் எடுத்தது சேவலை.

"காத்து அடிச்சது, சேர்."

மண்டபம் படத்துக்குச் சிரித்ததைவிடக் கூடச் சிரித்தது.
நடுவரும் சிரித்தார், தன்னடக்கம் என்று நினைத்து.

மூன்றாம் பரிசு. ஒரு கேடயம், பத்தாயிரம் ரூபா.
வெளியே வர மழை பிடித்துக்கொண்டது.
யது தாய்க்குப் போன் எடுத்தான்:
"அம்மா, தரப்பாள் கொடியில கிடக்கு,
கூட்டை மூடி விடுங்கோ."
பஸ்ஸில் சுலக்சி கேடயத்தை மடியில் வைத்தபடி
யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.
பரந்தன் தாண்டியதும் கேட்டாள்:
"அண்ணை, என்ர சிரிப்பு எங்க?"