மின்தடைக்கான காரணம்

காலை ஏழே கால். பாதித் தெரு இருட்டு.
கோரின் பேக்கரியில் ரொட்டி
அரைவேக்காட்டில் நின்றுவிட்டது.

ஹார்லன் வீன்ஸ்ட்ரா கம்பத்தில் ஏறினான்.
மேலே, டிரான்ஸ்பார்மரை அணைத்தபடி
அது.
உப்பு வெள்ளை. வால்நுனி மட்டும் கருகியிருந்தது.

மூன்று வருடமாக மிச்சிகனின் இந்தச் சிற்றூரில்
ஒரே வழக்கு:
கண் சிவப்பென்றால் பிறவி வெளிறல்,
கருப்பென்றால் வேறு ஏதோ.
கோரின் சிவப்புக் கட்சி.
பள்ளிப் பேருந்து ஓட்டும் டர்க், கருப்பு.
பந்தய இருபது டாலர் கல்லாவுக்கு மேல்
ஒட்டியபடியே பழுத்துவிட்டது.
படமெடுக்கப் போனவர்களுக்கெல்லாம்
ஆடும் கிளைதான் கிடைத்தது.

ஒரு கண் திறந்திருந்தது.
ரப்பர் கையுறை விரலால் மூடப் பார்த்தான்,
மூடவில்லை.
நாவற்பழக் கருப்பு.
அதில் கம்பி, வானம், தொப்பியோடு ஹார்லன்.

கீழிருந்து கோரின்:
"என்னப்பா அங்கே?"
"அணில்."
"எந்த அணில்?"
"சாம்பல்," என்றான்,
கருவிப்பையின் ஜிப்பை இழுத்தபடி.

வெளிச்சம் வந்தது. படிவத்தில் எழுதினான்:
காரணம், அணில்.
நிறத்துக்கு அந்தத் தாளில் கட்டமில்லை.

டர்க் இன்னமும்
அந்த மேப்பிள் மரத்தடி வந்ததும்
பேருந்தை மெதுவாக்குகிறான்.
ஒரு பக்க ஜன்னலெல்லாம்
குழந்தைகள்.