வரை

உடைமரத்தூர் விலக்கு ஸ்டேஷன்.
ஆய்வாளர்கள் பலகையில் நாற்பத்துமூன்றாம் பெயர் எழுத
மேலப்பாளையத்திலிருந்து சைக்கிளில் வந்தேன்.
எழுத்துக்கு நாலு ரூபாய்,
புள்ளிக்குத் துட்டில்லை.

முதல் பெயர் ஒரு துரை.
பிறகு கலவரத்துக்கென்று வந்தவர், தேர்தலுக்கென்று வந்தவர்,
பதக்கம் வாங்கிப் போய்
மறுபடி தண்டனைக்கு வந்த ஒருவர்.
பதினேழாமவர் ஒன்பதே நாள்.

அந்த ஒன்பதில் ஒரு ராத்திரிதான்
கல்குவாரி இசக்கிப்பாண்டி
கழிப்பறையில் வழுக்கி விழுந்தது.
விடியுமுன் ஆஸ்பத்திரி,
விடிந்ததும் பஸ் மறியல்,
மூன்றாம் நாள் உள்சுவருக்கு வெள்ளை.
இடுப்பு உயரத்துக்கு மட்டும்
இரண்டு கை கூடுதலாக.
அதையும் நான்தான் அடித்தேன்.

புதியவருக்கு 'முதல்' எழுதியாயிற்று.
"'வரை'ய விட்டுரும்" என்றார்
ரைட்டர் செல்லத்துரை,
"அத மேல உள்ளவங்க பாத்துக்கிடுவாங்க."

பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் அலசும்போது
வெள்ளைத்தாள் ஒன்றை நீட்டினார்.
"சாட்சிக்கு ஆள் இல்லவே.
கீழ ஒரு கையெழுத்து.
மேல நாங்க எழுதிக்கிடுதோம்."

என் கூலி இன்னும் அவர் மேசையில்,
லத்திக்கு அடியில்
காற்றில் படபடத்தது.

போட்டேன்.

திருப்பிப் பார்த்துச் சொன்னார்:
"முத்து முத்தா இருக்குவே
உம்ம எழுத்து."